ஓரக்கண்ணில் ஒரு பிறை

பிப்ரவரி 9

கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். இந்த ஒரு வரியை எழுதுவதற்காகவே பஜாருக்குப் போய் இந்த டைரியை வாங்கி வந்தேன். பிப்ரவரி பிறந்த பிறகு டைரி கேட்கிற ஆளைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். ஜனவரியில் நடந்ததையெல்லாம் எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டார். ஜனவரியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அதனால் எழுதவும் ஒன்றும் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் பொறுமை இல்லை.

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணை ஜனவரி கடைசியிலும், வலது கண்ணைப் போன வாரமும் மதுரையில் சரிசெய்தார்கள். ஷார்ஜாவில் இருக்கும் என் மகன் ஃபாயிஸ்தான் லென்ஸைத் தேர்ந்தெடுத்தான். "வாப்பா, சாதா லென்ஸ் வேணாம். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் இருக்கு. கண்ணாடிய தூக்கிக் கடாசிரலாம்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். சோப்பு உறையைப் படித்தேன். படிக்க வேறு எதுவும் கிடைக்காமல் ஊறுகாய் பாட்டிலைப் படித்தேன். வீடு இவ்வளவு அழுக்காக இருப்பதும் இன்றுதான் தெரிந்தது. என் மனைவி மைமூன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஒட்டடைக்கும் அதே வயதுதான் இருக்கும்.

பிப்ரவரி 10

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால் தெருவிளக்கைச் சுற்றி வளையம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று, முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி. எதிரே பைக் ஒன்று வந்தது. பைக் தெரியவில்லை, ஓட்டுகிறவனும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் நாலாபக்கமும் முள் முள்ளாகக் குத்திக்கொண்டு வந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன். "ஸலாம், காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி ஒரு குரல் என்னைத் தாண்டிப் போனது. யாருடைய குரல் என்றே தெரியாமல் பதில் ஸலாம் சொன்னேன்.

பிப்ரவரி 11

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். "இந்த லென்ஸ்ல ராத்திரி விளக்கச் சுத்தி வளையம் தெரியும் சார். மூளை அதுக்குப் பழகிக்கும். மூணு மாசம், சில பேருக்கு ஆறு மாசம்" என்றாள்.

அறுபத்தெட்டு வருடமாக எதற்கும் பழகாத மூளை என்னுடையது. மைமூனைக் கேட்டால் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 16

பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டேன். பகலில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிகிறது. பொழுது மங்கினால் சாம்பல் நிறப் படியும் சாம்பல் நிறத் தண்ணீரும் ஒன்றாகிவிடுகின்றன. சதக் மச்சான் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் மைமூனின் தம்பி. அடுத்த தெருவில் இருக்கிறார். "என்னா மச்சான், கண்ணு தெரியலயா?" என்று கேட்டார். எவனோ சோப்புத் தண்ணீரைக் கொட்டி வைத்திருக்கிறான் என்று சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டுவிட்டேன். பாங்கு சொல்கிற மோதினார் வந்து சோப்பைத் தேடினார்.

இப்போதெல்லாம் ராத்திரி இஷா தொழுகையை வீட்டிலேயே தொழுதுகொள்கிறேன். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம் ஊரில் ஏது பனி என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டுமே.

பிப்ரவரி 20

இந்த டைரி என்றைக்காவது ஃபாயிஸின் பிள்ளைகள் கையில் சிக்கினால் அவர்களுக்குத் தெரியட்டும். ஊரில் என்னை உதுமான் நெய்னா என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. பிறை நெய்னா என்று சொல்ல வேண்டும்.

நம் மாதம் இருபத்தொன்பதா முப்பதா என்பது இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மேற்கே பிறை தெரிவதைப் பொறுத்தது. தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் முப்பதாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்ப்பதற்கு உப்பளத்துக் கரை மேட்டில் முப்பது வருடமாக நின்றுவருகிறேன். பொழுது விழுந்து வானம் இன்னும் வெளுத்துக் கிடக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். மற்றவர்களுக்கு விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான் தெரியும். சதக் மச்சான் எப்போதும் எனக்கு இரண்டாவது. நோன்பு ஆரம்பிக்க ஒரு சாட்சி போதும். நோன்பை முடித்துப் பெருநாள் கொண்டாட இரண்டு சாட்சி வேண்டும். அந்த இரண்டு பேரும் நாங்கள்தான்.

மற்ற நாட்களில் என் வாசலுக்குப் பால்காரர் வருவார். எப்போதாவது கரண்ட் கணக்கெடுக்க ஆள் வருவார். இருபத்தொன்பதாம் நாள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பார்க்க வேண்டும். வாசல் முழுக்கச் செருப்பு. "காக்கா, கிளம்பலாமா?" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். பிடிக்கும் என்பதை எழுதி வைப்பதில் என்ன வெட்கம்?

பிப்ரவரி 26

ஹஜ்ரத் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழவைக்கிறவர், நாற்பது வயதுதான், பதவிசான ஆள். "காக்கா, கண்ணு ஆபரேஷன் ஆச்சே. இந்தத் தடவ மேட்டுக்கு வர்றதுல சிரமம் ஒண்ணும் இல்லயே?" என்றார்.

"பருந்து மாதிரி இருக்கு ஹஜ்ரத்" என்றேன்.

பகலில் உண்மை அதுதான்.

மார்ச் 1

பார்த்துவிட்டேன்.

மூச்சு வாங்குகிறது. இருந்தாலும் இன்றே எழுதி வைக்க வேண்டும். அஸருக்குப் பிறகு இருபது பேர் வந்து அழைத்துப் போனார்கள். மேட்டுக்கு இடப்பக்கம் உப்பளக் கம்பெனிக்காரன் புதிதாக ஒரு பெரிய விளக்குப் போட்டிருக்கிறான். பொழுது சாயும் முன்பே அதை எரியவிட்டிருந்தான். அந்த வெளிச்சம் கன்னத்தில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. எல்லாரும் மேற்கே பார்த்து நின்றார்கள். சூரியன் இறங்கியது.

ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம், ஓரக்கண்ணில், மெல்லிசாக ஒரு வெள்ளைக் கீற்று.

"பிறை!" என்று கத்திவிட்டேன்.

"எங்க காக்கா? எங்க?"

விரலை நீட்டினேன். நேராகத் திரும்பிப் பார்த்தபோது இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நகையைத் தேடுகிற மாதிரி அத்தனை பேரும் வானத்தைத் தேடினார்கள். சதக் மச்சான் மட்டும் என்னைப் பார்த்தார். "எனக்குப் படலயே மச்சான்" என்றார்.

"மேகம் மறைச்சிருச்சு" என்றேன்.

ஹஜ்ரத் பக்கத்தில் வந்து முறைப்படி கேட்டார். "காக்கா, அல்லாஹ்வை முன்வச்சுக் கேக்குறேன். பாத்தீகளா?"

"பாத்தேன்."

ஒரு சாட்சி போதும். நாளைக்கு நோன்பு. கட்டிப் பிடித்தார்கள். கை கொடுத்தார்கள். வீடு வரைக்கும் கூடவே வந்து, உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். டம்ளர் போதவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியில்கூட ஒருத்தன் குடித்தான்.

பார்த்தேன். பார்த்ததைத்தான் பார்த்தேன் என்று சொன்னேன்.

மார்ச் 2

முதல் நோன்பு. சுற்றுப்பட்டு ஊர்கள் எதிலும் பிறை தெரியவில்லையாம். அவர்களுக்கு நாளைக்குத்தான் நோன்பு. நம் ஊர் ஒன்றுதான் முன்னால் நிற்கிறது. டீக்கடைப் பெஞ்சில் அதுதான் பேச்சு. "எங்க ஊருல பிறை நெய்னா இருக்காக, ஒங்க ஊருல யாரு இருக்கா?" என்று நம் பயல்கள் பக்கத்து ஊர்க்காரனை வம்புக்கு இழுத்தார்களாம்.

நோன்பு திறக்க சதக் மச்சான் வருவார் என்று இரண்டு பேருக்குப் பேரீச்சம்பழம் எடுத்து வைத்தேன். வரவில்லை.

மார்ச் 5

பக்கத்து வீட்டு ஜொஹரா தினமும் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். தூக்குவாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அவளோடு இரண்டு வார்த்தை பேசலாம். இன்றைக்கு அவளுடைய மாமியார் வந்து வாங்கிக்கொண்டார். அவருக்குக் காது கேட்காது.

மார்ச் 9

நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹ் தொழப் போனேன். எல்லா விளக்கையும் எரியவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் தன் வளையத்தோடு பக்கத்து வளையத்தில் போய் மோதியது. கண்ணை மூடிக்கொண்டே தொழுதேன். அருமையாக மனம் ஒன்றித் தொழுகிறார் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மார்ச் 14

மதுரைக்குப் போய்விட்டு வந்தேன். ஒன்றரை மாதப் பரிசோதனை. நோன்பு வாயோடு பஸ்ஸில் போக வர எட்டு மணி நேரம்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். கருவியில் தாடையை வைக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். வளையத்தைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினாள். மங்கிய வெளிச்சத்தில் படி தெரியவில்லை என்றேன். அதற்கும் தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவளாகவே கேட்டாள்.

"ஐயா, பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் அடிக்கிறப்ப ஓரக்கண்ணுல ஏதாச்சும் தெரியுதா? வெள்ளையா, மெல்லிசா, பிறை மாதிரி?"

"என்ன மாதிரி?"

"பிறை மாதிரிங்க. சின்னக் கீற்று. லென்ஸோட விளிம்புல வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். நேரா திரும்பிப் பாத்தா இருக்காது. பயப்பட ஒண்ணுமில்ல, நிறையப் பேருக்கு வரும்."

அவள் அந்த வார்த்தையைச் சும்மா சொன்னாள். வேறு எப்படிச் சொல்வாள் பாவம், தமிழில் அதற்கு அதுதானே பேர். வில் மாதிரி என்று சொல்லியிருந்தால் நான் அப்படியே எழுந்து வந்திருப்பேன்.

எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 15

மேசை விளக்கை இடப்பக்கம் வைத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வந்தது. கண்ணை மேலே தூக்கினால் அதுவும் மேலே போகிறது. தலையைத் திருப்பினால் கூடவே வருகிறது. விளக்கைக் கையால் மறைத்தால் இல்லை. கையை எடுத்தால் இருக்கிறது. என் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பத்துத் தடவை பிறை பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் கை வரவில்லை. இந்த மாதங்களில் நம் ஊர் வானத்தில் புதுப்பிறை தோணி போல மல்லாந்து கிடக்கும். அன்றைக்கு நான் பார்த்தது நிமிர்ந்து நின்றது. முப்பது வருடம் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். சுற்றிலும் இருபது பேர் நிற்கும்போது தெரியவில்லை.

மார்ச் 16

இன்று யாரிடமும் பேசவில்லை. பேசவும் யாரும் வரவில்லை.

மார்ச் 17

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தேன். நாம் ஒரு நாள் முன்னால் ஆரம்பித்துவிட்டோம். பிறை தெரியாமல் நாம் முப்பதை முடித்துப் பெருநாள் கொண்டாடினால், அன்றைக்கு மற்ற ஊர்களில் முப்பதாவது நோன்பாக இருக்கலாம். நோன்பு பிடிக்க வேண்டிய நாளில் ஊரையே உட்காரவைத்துப் பிரியாணி சாப்பிட வைத்தவன் ஆகிவிடுவேன். அந்தப் பாவம் முழுவதும் என் தலையில்.

மற்ற ஊர்களில் இருபத்தொன்பதிலேயே பிறை தெரிந்துவிட்டால் இரண்டு கணக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, நான் தப்பித்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. சீட்டாட்டத்தில்கூட இவ்வளவு நல்ல வாய்ப்புக் கிடைக்காது. நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். இருபத்தொன்பதாம் நாள் வாசலில் செருப்பு இருக்காது.

மார்ச் 19

சொல்லிவிட்டேன்.

அஸருக்குப் பிறகு ஹஜ்ரத்தின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன். மேசை விளக்கு, டாக்டர் கேட்ட கேள்வி, நிமிர்ந்து நின்ற கீற்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஆபரேஷன் பண்ணுன கண்ணுன்னு நான் அப்பவே கேட்டேனே காக்கா."

"கேட்டீக. நான்தான் பருந்துன்னு சொன்னேன்."

"வளையம் தெரியுறது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

தஸ்பீஹ் மணியை உருட்டினார். "இப்ப சொன்னதுக்கு அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான். ஆனா ஊர் ஜமாஅத்துக்குச் சொல்லியே ஆகணும். கணக்க மாத்தணும்" என்றார். என் பெயரைச் சொல்லாமல் அறிவிக்கட்டுமா என்று கேட்டார். இந்த ஊரில் பிறையைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசினால் மட்டும் யாருக்குத் தெரியாமல் போகும்? சொல்லியே விடுங்கள் என்றேன்.

மார்ச் 20

ஜும்ஆ முடிந்து ஹஜ்ரத் மைக்கில் சொன்னார். முதல் நாள் பிடித்தது ரமலான் கணக்கில் சேராது. சுற்று ஊர்களின் கணக்கையே இனி நாமும் எடுத்துக்கொள்கிறோம். இத்தனையும் மரியாதையாகத்தான் சொன்னார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் முதுகு வேர்த்தது.

வெளியே வந்தபோது யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எல்லாரும் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். டீக்கடை வாசலில் ஒருத்தன், "ஒரு நோன்பு கூடத்தானே பிடிச்சோம், நன்மைதான்" என்றான். இன்னொருத்தன், "லென்ஸ் நெய்னா புண்ணியத்துல" என்றான். சிரித்தார்கள். பெயர் வைப்பதில் நம் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. பிறை நெய்னா ஆவதற்கு எனக்குப் பத்து வருடம் பிடித்தது. லென்ஸ் நெய்னா ஆவதற்குப் பத்து நிமிடம்.

சதக் மச்சான் தெரு முனையில் காத்திருந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"கண்ணுல கோளாறுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா மச்சான்? பக்கத்துலதானே நின்னேன். எனக்குப் படலன்னு சொன்னேன்ல? என்னய ஒரு ஆளா மதிச்சீகளா?"

"மேகம்னு நெனச்சேன்."

"மேகமே இல்ல அன்னைக்கு."

போய்விட்டார்.

மார்ச் 24

ஃபாயிஸ் போன் செய்தான். "வாப்பா, கண்ணு எப்பிடி இருக்கு? கண்ணாடியே வேணாம்ல?"

"கண்ணாடியே வேணாம்" என்றேன். சந்தோஷமாக வைத்தான்.

மார்ச் 25

ஒட்டடை அடித்தேன்.

மார்ச் 28

தெருவிளக்கில் வெளிவளையம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற இரண்டும் அப்படியே இருக்கின்றன. மூளை பழகுகிறதாக்கும். இப்போது பழகி என்ன செய்யப் போகிறது என்று அதனிடம் கேட்டேன்.

ஜொஹராவின் மாமியார் இன்று தூக்குவாளியை வாங்கும்போது என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. உள்ளே வந்து அழுதேன்.

மார்ச் 31

திருத்திய கணக்குப்படி இன்று இருபத்தொன்பது. அஸர் தொழுதுவிட்டு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏன் மாற்றினேன் என்று தெரியவில்லை. தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போனார்கள். சதக் மச்சானின் குரலும் கேட்டது. என் வாசலில் அந்தப் பேச்சு கொஞ்சம் தணிந்து, தாண்டியதும் மறுபடி உயர்ந்தது.

காலையிலிருந்து மேகம். பொழுது விழுகிற நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறினேன். பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கையிலேயே கொண்டுபோனேன். பாங்கு சொன்னதும் நோன்பு திறந்தேன். மேற்கே மேகம் பாய் விரித்த மாதிரி கிடந்தது. இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். அப்போது பனந்தோப்புக்கு மேலே மேகம் கொஞ்சம் விலகியது.

இருந்தது.

முதலில் நான் செய்தது, கண்ணை மூடிக்கொண்டது. பிறகு திறந்து, இடப்பக்கம் விளக்கு உண்டா என்று பார்த்தேன். இல்லை, தெரு இன்னும் இருட்டவில்லை. இரண்டு கையையும் கன்னத்தில் மறைப்பாக வைத்துக்கொண்டேன். நேராகப் பார்த்தேன். இருந்தது. தலையை வலப்பக்கம் திருப்பினேன், அது என்னோடு வரவில்லை. மாடியின் அந்தக் கோடிக்கு நடந்தேன். தோப்புக்கு மேலே அதே இடத்தில் கிடந்தது, மல்லாந்து, மயிர் இழை போல. சுற்றிலும் லேசாகப் புகைந்த மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது. அது லென்ஸ் கொடுத்தது. நடுவில் இருந்தது லென்ஸ் கொடுத்தது இல்லை. பிறகு மேகம் ஒரு நுனியிலிருந்து அதை மெல்ல மூடிக்கொண்டே வந்தது.

கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "பிறை" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. லென்ஸ் நெய்னா என்று சிரிப்பார்களே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பு தீர்வதற்குள் மேகம் முழுவதும் மூடிவிட்டது.

மஃரிப் முடிந்து ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். மேட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். கரையோரம் முழுக்க மேகம், எந்த ஊரிலிருந்தும் தகவல் இல்லை. முப்பதாகப் பூர்த்தி செய்வோம் என்று அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அன்றைக்குக் கேட்ட மாதிரியே கேட்டார்.

"அல்லாஹ்வை முன்வச்சுக் கேக்குறேன். பாத்தீகளா?"

"பாத்தேன்."

"காக்கா, பெருநாளுக்கு ரெண்டு சாட்சி வேணும். நீங்க ஒரு ஆளு. அதுவும்..." நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் அவர் சொல்லத் தேவை இல்லை.

"அப்ப எனக்கு?"

"சட்டம் என்னான்னு மட்டும் சொல்றேன். பாத்தது ஒங்களுக்கு உறுதின்னா, நாளைக்கு ஒங்களுக்கு நோன்பு கிடையாது. பிடிக்கவும் கூடாது. ஒங்களுக்குப் பெருநாள். ஆனா ஊரு நோன்பு பிடிக்கிறப்ப வெளிய தெரியக் கூடாது. கதவச் சாத்திக்கிட்டுச் சாப்புடுங்க. உறுதி இல்லன்னா எல்லாரையும் மாதிரி பிடிச்சிருங்க. அது ஒங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல உள்ளது."

"நீங்க என்னா நெனைக்கிறீக ஹஜ்ரத்?"

"நான் பாக்கலயே காக்கா" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 1

இந்தத் தேதிக்கும் என்னைக் கேலி செய்ய ஆசை.

விடியும் முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து பாத்திரத்தைத் தொட்டேன், வைத்துவிட்டேன். சாப்பிட்டால் நோன்புக்காகச் சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டில் தட்டுச் சத்தம், தண்ணீர் சத்தம், பிறகு பாங்கு. நான் நோன்பாளியும் இல்லை, பெருநாள்காரனும் இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் மனதைப் பிடித்து உலுக்குகிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நேற்றோடு ஊருக்கு முப்பது முடிந்திருக்கும். இன்றைக்கு ஊருக்கே பெருநாளாக இருந்திருக்கும், சரியான நாளில். என் பொய் ஊரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். நான் சொன்ன உண்மைதான் ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் இதற்கு முதலில் என் கண்ணை நம்ப வேண்டும்.

வெயில் ஏறியதும் கதவைத் தட்டினார்கள். சதக் மச்சான். அடுப்பில் டீத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குடிக்கலாமா என்று முடிவு செய்யாமலேயே வைத்திருந்தேன். அவருக்கு வாசனை வந்திருக்கும். அடுப்படிப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

"பாத்தீகளாமே. ஹஜ்ரத் சொன்னாக."

"ம்."

"எந்தப் பக்கம்?"

"தோப்புக்கு மேல, கொஞ்சம் வலத்தாப்புல."

"நிமிந்தா, மல்லாந்தா?"

"மல்லாந்து."

அவர் கண் ஒரு நொடி என் முகத்தில் நின்றது. மல்லாந்து என்ற சொல்லின் அர்த்தம் இந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மச்சான் சத்தம் போடல? மேகம் எல்லாப் பக்கமும் மூடியிருக்குன்னு நான் அப்பவே இறங்கிட்டேன். தெருவுலதான் வந்துக்கிட்டிருந்தேன். ஒங்க வீட்டுக்கு நேரா. ஒரு சத்தம் போட்டிருந்தா ஏறி வந்திருப்பேனே. ரெண்டு பேரு ஆயிருப்போமே."

தெருவில்தான் வந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்திருந்தால் அவருடைய தொப்பி தெரிந்திருக்கும்.

உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"எனக்கு நோன்பு மச்சான்" என்றார். "பெருநாள் ஸலாம் சொல்ல நாளைக்கு வர்றேன்."

அவர் போன பிறகு கதவைத் தாழிட்டேன். ஜன்னல்களைச் சாத்தினேன். டீ சுண்டிப்போயிருந்தது. புதிதாகப் போட்டேன். டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். தலையைத் திருப்பியபோது கூட வந்ததா? வரவில்லை. மறைத்தபோது அணைந்ததா? அணையவில்லை. மேகம் அதை ஒரு நுனியிலிருந்து மூடியதா? மூடியது. கண்ணுக்குள் இருக்கிற கீற்றை வானத்து மேகம் எப்படி மூடும்? ஊர் நம்பாது. சட்டம் ஏற்காது. ஹஜ்ரத் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்தேன்.

குடித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு பகலில் குடிக்கிற முதல் டீ, தொண்டை சுட்டது.

பிறகு குளித்தேன். மைமூன் கடைசியாக எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன், அத்தர் பூசவில்லை, வாசனை வெளியே போகும். பாயை விரித்துப் பெருநாள் தொழுகை இரண்டு ரக்அத் தொழுதேன். அல்லாஹு அக்பர் என்று ஊரே முழங்க வேண்டிய தக்பீரை, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் உதட்டுக்குள் சொன்னேன். தொழுகை முடிந்து வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். சுவர் இருந்தது. இடப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். சாத்திய ஜன்னல் இருந்தது. எழுந்து கட்டிப் பிடிக்க ஆள் இல்லாததால் பாயிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று எனக்குப் பெருநாள்.